கிற்றாரைக் கண்டு அஞ்சுவானேன்?

பொப்பிசை என்றாலே பண்பாட்டுச் சீரழிவு. ஏகாதிபத்தியம் நம் இளைஞருக்கு ஊட்டும் அபின். நம் முற்போக்கு மேடைகளில் நெடுங்காலமாக ஒலித்துவரும் தீர்ப்பு இது. அதே கிற்றாரை மார்க்கத்துக்கு ஆகாததென்று பழமைவாதியும் விலக்குகின்றார். எதிரெதிர் முகாம்களில் நிற்கும் இருவரும் ஒரு மாணவனின் கையிலிருந்து ஒரே வாத்தியத்தைப் பிடுங்குகின்றனர். இந்த ஒற்றுமையை நாம் ஐயுறுகின்றோம்.

வரலாற்றைப் பார்ப்போம். அறுபதுகளில் கொழும்பின் ஜெட்லைனர்ஸ் முதலான குழுக்கள் பெரிதும் ஆங்கிலப் பாடல்களையே இசைத்தன. நடனக்கூடங்களில் ஆடியோருக்கு அதுவே போதுமாயிருந்தது. அக்காலத்தில், 1966 அளவில், அன்னெஸ்லி மாலேவனவும் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவை அமைத்தனர். கையிலெடுத்தது மின்கிற்றார், வாயிலெடுத்ததோ சாதாரணச் சிங்களம். அறிவிப்பாளர் விஜய கொரயா அவர்களுக்குத் துணைநின்றார். இலங்கை வானொலி கதவு திறந்தது. 'மாங்கோ நந்தா' என்ற பாடல் அவர்களை நாடறியச் செய்தது. இசைத்தட்டுகள் பின்தொடர்ந்தன.

இதில் அந்நியம் எது? வாத்தியமா? அப்படியாயின் கருநாடக இசை மேடையிலிருந்து வயலினையும், நாடகக் கொட்டகையிலிருந்து ஆர்மோனியத்தையும் முதலில் இறக்கிவிடுவோமாக! அவையும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவையே. வாத்தியம் எங்கே பிறந்தது என்பதன்று கேள்வி. அது யாருடைய மொழியில் பேசுகின்றது என்பதே கேள்வி.

மூன்ஸ்டோன்ஸ் புரட்சி பாடினார்கள் என்று நாம் கூறவில்லை. காதலும் கேளிக்கையுமே அவர்களின் சரக்கு. சந்தை அதனை விரும்பி வாங்கிற்று. ஆயினும் பெரிதும் ஆங்கிலத்தில் ஒலித்த ஓர் இசையைச் சாமானியனின் நாவுக்கு இறக்கிவந்தமை சிறிய செயலன்று. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும் இவ்வழியில் வந்தவரே. அவரையும் நம் பண்டிதர்கள் முகஞ்சுளித்தே வரவேற்றனர்.

திறமை எங்கும் உண்டு; திறக்கும் கதவுதான் அரிது. லிவர்பூல் துறைமுக நகரத்துப் பீட்டில்ஸ் இளைஞரையே 1962இல் டெக்கா நிறுவனம் வேண்டாமென்று திருப்பியனுப்பிற்று. அதே ஆண்டு வேறொரு நிறுவனம் ஏற்றுக்கொண்டமையால் அன்றோ உலகம் அவர்களைக் கேட்டது?

வரிப்பத்தான்சேனையின் மாணவனுக்கு அந்தக் கதவு எங்கே? இந்தக் கிழக்குக் கரையில் வயலிலும் களத்திலும் கவி பிறந்தது. பக்கீர் பாவாவின் றபான் வீடுதோறும் ஒலித்தது. பாடியோர் மறைந்தபின் அக்கவிகளைத் தொகுத்து நூலாக்கினோம், பரீட்சையில் வினாவாக்கினோம். ஆனால் அதே மக்களின் பேரப்பிள்ளை வகுப்பு மேசையில் தாளமிட்டால் பிரம்பைத் தூக்குகின்றோம். இறந்தவரின் பாட்டு இலக்கியம், இருப்பவரின் பாட்டு ஒழுங்கீனம்! இது என்ன நியாயம்?

ஆசிரிய நண்பர்களே, மாணவனுக்குக் கட்டளையிடும் முன் அவன் பாடுவதைச் செவிமடுப்போம். பாட்டில் போலி இருந்தால் வாதாடுவோம். வெறுமை இருந்தால் வாழ்க்கையைக் காட்டுவோம். வாத்தியத்தைப் பிடுங்கிய கையால் நல்ல பாட்டை ஒருநாளும் எழுதுவிக்க முடியாது. அவன் தன் பாட்டன் கவியைத் தன் காலத்துக் கிற்றாரில் மீட்டும் நாளில், மக்கள் கலை நூலகத்திலிருந்து மீண்டும் தெருவுக்கு வரும். அதற்கு அஞ்சுவோர் எவராயினும், நாம் அஞ்சலாகாது.