பொய்லரைத் துப்பரவு செய்பவரையும் கேளுங்கள்

தேயிலைத் தொழிற்சாலையில் பொய்லர் பழுதானால் கொழுந்து தேங்கிக் கெடும். கொழுந்து எடுப்பது குறைந்தால், மலையில் நிற்கும் நமது சகோதரிகளுக்கு அரைப்பேர்தான். ஆகவே பொய்லர் எப்படி அமைக்கப்படுகிறது என்பது எஞ்சினியருக்கு மட்டும் உரிய விடயமல்ல.

விறகு அதிகம் செலவாகிறதென்றால், விறகு போடும் தொழிலாளியைக் குறைகூறுவது எளிது. ஆனால் பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது. குழாய்களில் உப்புப் படிந்தால் வெப்பம் நீருக்குச் சேராமல் புகைபோக்கி வழியே போகிறது. குழாயும் அளவுமீறிச் சூடேறி வெடிக்கிறது. விறகுக்குக் கூரையும், நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவியும், புகையின் வெப்பத்தால் ஊட்டுநீரைச் சூடாக்கும் அமைப்பும் இருந்தால் இந்த விரயம் குறையும்.

பழுதுபார்ப்பும் அமைப்பைப் பொறுத்ததே. நேரான குழாய்கள், கீலில் திறக்கும் முன்கதவு, போதிய துப்பரவுத் துவாரங்கள், பழைய குழாயை வெளியே இழுக்க முன்னால் இடம்: இவை இருந்தால் ஆறாத பொய்லருக்குள் எவரும் உடலைத் திணிக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி, நீர்மட்டக் கண்ணாடி ஆகியவற்றை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே கட்டாயமாக்கியுள்ளது. அவை சலுகையல்ல.

புதிய பொய்லர் வாங்குமுன், பழையதைத் துப்பரவு செய்த தொழிலாளர்களை நிர்வாகங்கள் அழைத்துப் பேச வேண்டும். விறகில் மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு அவர்களின் பாதுகாப்புக்கே. தோட்டக் கமிட்டிகள் இக்கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையிலேயே முன்வைக்கட்டும்.