தோழி வருகிறாள்!

ராஜபாளையத்தில் என்னோடு படித்த தோழி, மெல்பர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அடுத்த மாதம் வருகிறாள். "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரெண்டு கிலோ கொண்டு வர்றேன்டி!" என்றாள் போனில். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! ஆனால் கோமாரி நோய்க்குப் பயந்து, இந்தியப் பால் இனிப்புகளை ஆஸ்திரேலியாவுக்குள் விடுவதில்லை. சொல்லாமல் மறைத்தால் அபராதம் வேறு.

"அதை உன் பிள்ளைகளுக்குக் கொடு. எனக்கு ஒரு நூல் சேலை போதும். பால்கோவாவை இங்கேயே சேர்ந்து கிண்டலாம்" என்றேன். ஒரு லிட்டர் பாலுக்கு 100 கிராம் சர்க்கரை, அடிகனமான வாணலி, மாறி மாறிக் கிளற இரண்டு பேர். பேச்சுத் துணை இருந்தால் கை வலி தெரியாது!

சகோதரிகளே, டிக்கெட் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஆசையாய் வாங்கி வந்தது விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போனால் அவள் மனசு தாங்குமா?