ஹலால் என்றறிந்த பின்னும் ஒரு கேள்வி

காயல்பட்டினத்திலிருந்து கோவைக்குக் குடிபெயர்ந்து ஓராண்டாகிறது. எங்கள் இளைய மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் அவளது சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும். ஊரில் மாலைப்பொழுதென்றால் கடற்கரை. இங்கோ குடும்பத்தோடு வெளியே புறப்பட்டால் எப்படியும் பேக்கரியில்தான் போய் முடிகிறது! இப்போது அவித்த நிலக்கடலையும் சோளக்கதிரும் எடுத்துக்கொண்டு உக்கடம் பெரியகுளக் கரைக்குச் செல்கிறோம்.

ரமளானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அரிசியும் பாசிப்பருப்பும் ஆதலால் அச்சமின்றிப் பருகினாள். உடன் வந்த பருப்பு வடையைத்தான் நாங்கள் ஐயுறவில்லை. அது சமோசா பொரித்த எண்ணெயிலேயே பொரித்தது. போதாக்குறைக்கு, கடைகளில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். இரண்டு நாள் வயிற்றுவலியால் துடித்தாள்.

"ஒரு வாய்தானே, பரக்கத்" என்று விருந்தில் வற்புறுத்துவதை உபசரிப்பென்று எங்களால் ஏற்க இயலவில்லை. அவளுக்கு அந்த ஒரு வாயும் தீங்கே. ஹலாலா என்று விசாரிக்கும் நாம், உண்பவருக்கு அது தய்யிபா என்றும் விசாரிக்க வேண்டாமா? பள்ளிவாசலில் நாங்கள் வேண்டியது, வடையை முதலில் பொரித்துவிட்டுச் சமோசாவைப் பிறகு போடுங்கள் என்பது மட்டுமே.

பெருநாளன்று அண்டை வீட்டம்மா சேமியாவுக்குப் பதிலாக ஜவ்வரிசிப் பாயசம் அனுப்பினார். கரண்டியைக்கூடத் தனியாக வைத்திருந்தாராம்.