விசிலுக்கு முன்னால் பத்து நிமிஷம்

"ஸ்கூல் மேட்ச்தானே சார், வேர்ல்டு கப்பா என்ன?" டெல்லி மைதானங்களில் இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேர்ல்டு கப் ஆடுகிறவனுக்கு டாக்டர், பிசியோ, ஸ்ட்ரெச்சர் எல்லாம் பக்கத்திலேயே நிற்கும். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இருப்பது ரெஃப்ரி ஒருத்தர்தான். அவரும் ஆட்டோவில் இறங்கி, டாஸ் போட்டு, விசில் ஊதிவிடுகிறார்!

கால்பந்தின் நாலாவது விதியைப் படித்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் சோதிக்க வேண்டும். ஷின்கார்டு கட்டாயம். மோதிரம், சங்கிலி, தோடு, ரப்பர் பேண்டு எதுவும் கூடாது, மேலே டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. இங்கே பையன்கள் கையில் சிவப்புக் கயிறு, நம் வீட்டுப் பையன் இடுப்பிலோ கறுப்புக் கயிறு, சர்தார்ஜி பையன் கையில் காடா. காடாவை அந்தக் குடும்பம் நகையாகப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி ஆட்டத்துக்கு முன்னால் கோச்சோடு தனியாக, மரியாதையாகப் பேசலாம். பாதி ஆட்டத்தில் எல்லார் எதிரிலும் "கழட்டு" என்று அதட்டினால் அந்தப் பிள்ளை என்ன ஆவான்? (பட்கா பிரச்சினை இல்லை. தலையை மூடி ஆட 2014-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.)

கோல் போஸ்ட் இன்னும் மோசம். நகர்த்துகிற போஸ்டாக இருந்தாலும் தரையோடு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும் என்று முதல் விதியே சொல்கிறது. நான் பார்த்த ஒரு மைதானத்தில் பின்பக்கம் ரெண்டு செங்கல் வைத்திருந்தார்கள். அவ்வளவு இரும்பு சாய்ந்தால் கீழே நிற்பது கோலி பையன். கையால் ஒருதரம் ஆட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

அடுத்தது கோச்சுகளோடு பேச்சு. பள்ளிப் போட்டிகளில் ஆட்ட நேரம், மாற்று ஆள் விதி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். போன குளிர்காலத்தில் ஒரு பதினாலு வயசுக்குட்பட்டோர் மேட்ச். வெளியே போன பையன் திரும்ப வரலாமா கூடாதா என்று ரெண்டாம் பாதியில் சண்டை. ரெஃப்ரி ஒன்று சொல்ல, கோச் ஒன்று சொல்ல, பிள்ளைகள் வியர்வையோடு பனியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ரெண்டு கோச்சையும் முன்னாலேயே சேர்த்து நிறுத்தி ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்தது. சேர்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கோச்சோடு மட்டும் ரெஃப்ரி சிரித்துப் பேசினால், அப்புறம் அவர் கொடுக்கிற ஒவ்வொரு ஃபவுலுக்கும் இந்தப் பக்கத்து அப்பாக்கள் கதை கட்டுவார்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஃபுட்பால் (கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அது) விதிப் புத்தகத்தில் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். தலைமைக் கோச், ரெஃப்ரியிடமும் கூடவே இன்னொரு நடுவரிடமும், தன் பையன்கள் எல்லாரும் விதிப்படி உடுப்பும் கவசமும் போட்டிருக்கிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன் உறுதி சொல்லியாக வேண்டும். "எனக்குத் தெரியாது, ரெஃப்ரி பார்க்கலை" என்று பின்னால் கை விரிக்க வழியில்லை. ஒருத்தர் மட்டும் கேட்டுக்கொண்டார் என்ற பேச்சும் வராது. அந்த விளையாட்டு எனக்குப் புரியாது, ஆனால் இந்தப் புத்தி பிடித்திருக்கிறது.

ரெஃப்ரிகளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று அட்டவணை போட்டால் அந்த மனுஷன் தண்ணி குடிப்பாரா, ஸ்டட் பார்ப்பாரா? குற்றம் அட்டவணை போடுகிறவர்கள் மேல். 1960-லிருந்து சுப்ரதோ கோப்பை நடத்துகிற ஊர் இது. பள்ளிக்கூடப் பந்தாட்டம் இங்கே நேற்று முளைத்ததில்லை. ரெண்டு மேட்சுக்கு நடுவே பத்து நிமிஷம் விட இன்னும் எவ்வளவு அனுபவம் வேண்டுமாம்?

நம்ம ஆட்கள் ஃபீஸ் ஏறினால் மட்டும் வாட்ஸப்பில் பொங்குகிறோம். அடுத்த தடவை பையன் மேட்ச் சர்க்குலர் கொண்டுவந்தால், கையெழுத்துப் போடும்முன் ஆட்ட நேரத்தைப் பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் டைரியில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். இந்தி வராவிட்டால் இங்கிலீஷில் எழுதுங்கள், பி.டி. மாஸ்டருக்குப் புரியும்.