கடன் சீட்டு கைமாறலாமா?

 

அமெரிக்காவில் வசிக்கும் தம் மகனின் பொருட்டு, தாய் ஒருவர் இம்மாதம் ஒரு வினாவை விடுத்துள்ளார். மகன் பழைய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டு, வங்கிக்கடன் கிட்டாத ஒரு குடும்பத்திற்குத் தவணைக்கு விற்றிருக்கிறார். எழுதி வாங்கிய புரோநோட்டை ரொக்கம் தந்து வாங்கிக்கொள்ள இப்போது வேறொருவர் முன்வந்துள்ளாராம். "விற்றுவிட்டு அடுத்த வீட்டை வாங்கட்டுமா?" என்று மகன் கேட்கிறார். தாயின் மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்நாட்டு நடைமுறையை அறிவோம். அங்கு வீட்டை விற்பவரே கடன் கொடுத்தவராகவும் ஆகலாம். வாங்குபவர் முன்பணம் செலுத்தி, மீதித் தொகைக்குப் புரோநோட்டும், அதற்கு ஈடாக வீட்டின் மீது அடமானப் பத்திரமும் எழுதித் தருவார். நோட்டின் பின்புறம் கையொப்பமிட்டு, அடமான உரிமையையும் மாற்றி எழுதிக் கொடுத்தால் கடன் மற்றொருவர் கைக்குப் போய்விடும். குடியிருப்பவரின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. இனி யாருக்குத் தவணை செலுத்துவது என்ற அறிவிப்பு மட்டும் அவருக்கு வரும்.

நோட்டை வாங்குபவர் முழுத்தொகை தருவதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 1,00,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 956 டாலர் வரும். தம் பணத்திற்கு 12 சதவீதம் வேண்டுமென எண்ணுபவர், அந்த நோட்டுக்கு ஏறத்தாழ 79,600 டாலர்தான் தருவார். இருபதாயிரம் டாலருக்கு மேல் கழிவாகப் போய்விடும். கடனாளியின் சுமையோ ஒரு காசும் குறையாது.

மார்க்கம் என்ன சொல்கிறது? நோட்டில் வட்டி எழுதப்பட்டிருந்தால் அதுவே முதற்கேடு. வட்டியின்றி, தவணைக்கென ஒரே விலையைப் பேசி முடித்து விற்பதை நான்கு மத்ஹபுகளும் அனுமதிக்கின்றன. அவ்விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருப்பினும் குற்றமில்லை. ஆனால் வரவேண்டிய பணத்தைக் குறைந்த ரொக்கத்திற்கு மூன்றாமவரிடம் விற்பது, பணத்தைப் பணத்திற்கே ஏற்றத்தாழ்வுடன் விற்பதாகும். 1998இல் பஹ்ரைனின் மனாமாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி இதனைக் கூடாதென்று தீர்மானித்தது. மலேசியாவில் இதற்கு அனுமதி வழங்கப்பட்டதுண்டு. எனினும் பெரும்பாலான அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை.

அப்படியாயின் பணமுடை ஏற்பட்டவருக்கு வழியே இல்லையா? உண்டு. அதே அகாதமி 1992இல் ஜித்தாவில் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. கடனாளி முன்கூட்டியே செலுத்தினால் கடன் கொடுத்தவர் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுக்கலாம். இதற்கு நிபந்தனைகள் இரண்டு: முன்னரே அவ்வாறு பேசி வைத்திருக்கக் கூடாது, மூன்றாமவர் இடையில் நுழையக் கூடாது.

மகனுக்கு நாம் சொல்வது இதுவே: யாரோ ஒருவருக்குத் தள்ளிவிட எண்ணிய அந்தக் கழிவை, அவ்வீட்டில் குடியிருக்கும் குடும்பத்திற்கே தர முன்வாருங்கள். அவர்கள் உறவினரிடமோ நண்பரிடமோ வட்டியில்லாமல் திரட்டிச் செலுத்தக்கூடும். இயலாதெனில் தவணைப்படியே வாங்கிக்கொண்டு பொறுத்திருங்கள். அடுத்த வீடு சற்றுத் தாமதமாகட்டும்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். அக்குடும்பத் தலைவருக்கு வேலை போய்விட்டால், அவர் முகமறிந்த நீங்கள் இரண்டு மாதம் பொறுப்பீர்கள். நோட்டை வாங்கியவருக்கு அந்த முகம் தெரியாது. அடமானத்தின் பேரில் வீட்டையே பறிக்க அவர் முற்படக்கூடும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. அதற்குச் சற்று முன்னர், 280ஆம் வசனம், நெருக்கடியில் உள்ளவருக்கு அவகாசம் தரச் சொல்கிறது. சீட்டை விற்பவர், அவகாசம் தரும் அந்த உரிமையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.

தாயே, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. வல்ல அல்லாஹ் உங்கள் மகனின் தொழிலில் பரக்கத் செய்வானாக!