வாசற்கதவுக்கு எந்தப் பூட்டு?

பூட்டு வாங்கப்போகும் சகோதரிகளே, முதலில் கொண்டியைப் பாருங்கள். எவ்வளவு விலைகூடிய ஆமைப்பூட்டைப் போட்டாலும், கொண்டியின் ஆணிகள் வெளியே தெரிந்தால் கள்ளன் பூட்டைத் தொடவே மாட்டான், ஆணிகளைத்தான் கழற்றுவான். மடித்துப் பூட்டும்போது ஆணிகளை மறைக்கும் கொண்டியே நல்லது. கட்டை ஆணி இழுத்தால் வந்துவிடும். கதவை ஊடுருவும் போல்ட் போட்டு, உட்புறம் நட்டால் இறுக்கச் சொல்லுங்கள். தச்சர் அலுத்துக்கொண்டாலும் விடாதீர்கள்.

ஆமைப்பூட்டு வெளியே தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்பது ஊருக்கே தெரியும். இரவில் உள்ளிருந்து பூட்டவும் அது உதவாது. பிள்ளைகளுடன் தனியே இருப்பவர்களுக்குக் கதவோடு பொருத்தும் பூட்டே வசதி. உட்புறம் கையால் திருகித் திறப்பதாக வாங்குங்கள். நெருப்புப் பிடித்தால் இருட்டில் திறப்புத் தேடமுடியாது. சாத்தியதும் தானே பூட்டிக்கொள்வது வேண்டாம். கிணற்றடிக்குப் போன நேரம் காற்றுக் கதவைச் சாத்தினால், திறப்பும் குழந்தையும் உள்ளே, நீங்கள் வெளியே.

வீட்டு வேலை முடியும்வரை பழைய பூட்டே போதும்.