ஊர் ஓட்டும் இங்கத்து ஓட்டும்

தேர்தல் நாளன்று வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்தபடி சாவடிக்குப் போன தாய்மார்கள், "பட்டியலில் பேர் இல்லை" என்ற ஒரே சொல்லோடு திரும்பி வருவதைத் தாராவியில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். 2024 நவம்பர் 20 அன்று நடந்த மராட்டியச் சட்டமன்றப் பொதுத் தேர்தலிலும் பார்த்தோம். அட்டை இருந்தால் போதும் என்ற எண்ணம் நம்மவரிடம் வேரோடிக் கிடக்கிறது. உண்மை நேர்மாறானது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்றவற்றைக் காட்டியும் வாக்களிக்கலாம். பெயர் இல்லையேல் எந்த அட்டையும் உதவாது.

இவர்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாக இங்கே உழைத்தும் ஓட்டை மட்டும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வைத்திருப்போர். ஊர்ப் பாசத்தை நாம் குறை சொல்லவில்லை. நமக்கும் அது உண்டு. ஆனால் நாம் வாழும் சாலை இடிப்பதா, இடித்தால் எங்கே குடியமர்த்துவது என்று முடிவு செய்வது மும்பையின் மந்திராலயம், சென்னைக் கோட்டையல்ல. மாநகராட்சித் தேர்தலுக்கும் இந்தச் சட்டமன்றப் பட்டியலே அடிப்படை. குழாயில் தண்ணீர் வருவதும், தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியர் இருப்பதும் அதில் அடக்கம்.

"அங்கே பேரை எடுத்தால் நிலம் போய்விடுமே" என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். பட்டாவுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பதிவு. ஊரில் வீடு இருப்பது மட்டும் வசிப்பதாகாது. பொங்கலுக்குப் போய் ஒரு மாதம் தங்கி வந்தாலும் இங்குள்ள உரிமை போகாது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கிறது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வீடு வீடாகச் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. குடிபெயர்ந்தவர் என்று குறிக்கப்பட்டோரின் பெயர்கள் டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் இல்லை. ஆகவே அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்போர் நம்மில் இருக்கக்கூடும். முதலில் ஊரில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் படிவம் 8. அதுவே இடமாற்றத்துக்கான படிவம். தொகுதி விட்டுத் தொகுதி வந்தாலும் அதுதான். எங்குமே பெயர் இல்லாதவருக்கும், பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் படிவம் 6. ஏஜெண்டு சொன்னார் என்று எல்லோரும் 6ஐ நிரப்பிக் கொடுப்பதால்தான் இரட்டைப் பதிவு வந்து சேருகிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதிகள் இப்போது வயதுக்குரிய தகுதி நாட்கள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம். இந்த முகவரி உள்ள ஆதாரோ வங்கிப் புத்தகமோ போதும்.

எழுத்துப் பிழைதான் தனித் தொல்லை. நம் தலையெழுத்தைக் குடும்பப் பெயராக்கி, தகப்பன் பெயரை மகனுக்கே சூட்டிவிடுகிறார்கள். ழகரத்துக்கு மராத்தியில் இடமில்லை. பழனி என்னவாகி வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதாரில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். வரைவுப் பட்டியல் வந்ததும் மராத்தி படிக்கும் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

வேட்புமனுவுக்குரிய கடைசி நாளுக்குப் பின் எந்தப் பெயரும் சேராது. தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவது வீண் ஓட்டம்.

கூலியை நினைத்துச் சாவடிக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்களிப்பு நாளில் விடுமுறை தந்து, நாள் கூலிக்காரருக்கும் அன்றைய கூலியைத் தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தோல் பட்டறைக்கும் தையல் கடைக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய் வரைதான் என்பது வெட்கக்கேடு. இருந்தாலும் கேட்டால்தான் கிடைக்கும். தனியாகக் கேட்க அஞ்சுவோர் பட்டறையில் நால்வராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஞாயிறுதோறும் காலையில் சங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பித் தருகிறோம். ஆதாரும் ஒரு புகைப்படமும், ஊர் வாக்காளர் அட்டை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.